குளங்களிற் பரவும் ஓட்டுக்கெளுத்தியைப் பிடித்தகற்றல்

மன்னார்ப் பெருநிலப்பகுதியில் நெல் விளைவிப்போருக்குக் குளக்கட்டே முதல். விதையையும் உரத்தையும் கடன்பட்டேனும் பெறலாம். உடைந்த கட்டின் வழியே ஓர் இரவில் ஓடிய நீரை எவரிடமும் கடன்பட்டுப் பெற இயலாது. ஆதலாற் கட்டைக் குடையும் உயிர்கள் யாவற்றையும் கமக்காரர் காலங்காலமாகக் கண்காணித்து வந்துள்ளனர். எலி, நண்டு, உடும்பு, கறையான் என்பன அவர்கள் நன்கறிந்த பகைகள். இவற்றோடு இக்காலத்தில் ஒரு மீனையும் சேர்த்து எண்ண வேண்டியதாயிற்று.

அம்மீன் இந்நாட்டிற்கு உரியதன்று. தென்னமெரிக்காவின் அமேசன், ஒரினோக்கோ ஆற்றுப் படுகைகளைத் தாயகமாகக் கொண்ட கெளுத்தி வகை அது. கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் அலங்கார மீனாக உலகெங்கும் விற்கப்பட்டு, தொட்டிகளிலிருந்தும் வளர்ப்புக் குளங்களிலிருந்தும் வெளியேறி, வெப்ப நாடுகள் பலவற்றின் ஆறு குளங்களிற் குடியேறிவிட்டது. மீன்கடைகளில் ‘டாங்க் கிளீனர்’ என்றும் ‘சக்கர்’ என்றும் இதனை அழைப்பர். தொட்டியின் கண்ணாடியிற் படியும் பாசியை உறிஞ்சித் தின்பதால் அப்பெயர்கள் வந்தன. உடல் முழுதும் எலும்புத் தகடுகளாலான ஓடு போர்த்திருப்பதால் இப்பிரசுரத்தில் ஓட்டுக்கெளுத்தி எனக் குறிக்கப்படுகிறது. விலங்கியலார் இதனைத் தெரிகோப்பிளிக்திசு என்னும் இனத்தில் வைப்பர்.

அடையாளம்

நம் குளங்களிலுள்ள கெளிறும் சுங்கானும் வழவழப்பான தோலும் நீண்ட மீசைகளும் உடையன. ஓட்டுக்கெளுத்தியின் உடலோ கைக்கு அரம் போற் சொரசொரக்கும். வாய் முகத்தின் முன்புறத்தில் இராது; தலையின் அடிப்பக்கத்தில் வட்டமான உறிஞ்சு கிண்ணம் போல அமைந்திருக்கும். வாயின் இரு மருங்கும் குறுகிய மீசையொன்று காணப்படும். முதுகுச் செட்டை பாய்மரம் விரித்தாற் போல அகன்று உயரும். அதில் முன்முள்ளைத் தவிரப் பத்துக்கு மேற்பட்ட கதிர்களை எண்ணலாம். உடல் கருமை கலந்த பழுப்பு நிறம். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் வெளிறிய நிலத்திற் கரும்புள்ளிகளோ, புழு நெளிந்தாற் போன்ற கரும்வரிகளோ இருக்கும். இவ்வயிற்றுக் கோலத்தைக் கொண்டே புள்ளியினமா வரியினமா என்று அறிஞர் பிரித்தறிகின்றனர். ஆதலின் மீனைப் பிடித்தவர் அதன் முதுகை மட்டும் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து அனுப்பினால் அது பாதி உதவியே ஆகும். வயிற்றையும் படம்பிடித்தல் வேண்டும்.

கடையில் விற்கும்போது இம்மீன் இரண்டு அங்குல நீளமே இருக்கும். நன்கு வளர்ந்தால் ஒன்றரை அடியை எட்டும். இவ்வளவில் அது சிறு கண்ணாடித் தொட்டியிற் புரளவும் இடமின்றித் தவிக்கும். கொல்ல மனமில்லாத வீட்டார் அதனை வாளியில் எடுத்துச் சென்று அருகிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகின்றனர். இரக்கத்தினாற் செய்யும் இச்செயலே பெரும்பாலான நாடுகளில் இம்மீன் பரவியதற்கு ஒரு முதற்காரணம் என்பதைக் கவனித்தல் வேண்டும். வாங்கும் நாளிலேயே இதன் முழு வளர்ச்சியை எவரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால், வாங்குவோரிற் பாதிப்பேர் வேறு மீனை நாடியிருப்பர்.

வந்த வழியும் வரக்கூடிய வழியும்

இலங்கையில் மகாவலி கங்கைமேல் அமைந்த பொல்கொல்ல நீர்த்தேக்கத்தில் இம்மீன் நிலைபெற்றுவிட்டது. அங்கு அது வளரும் வேகத்தையும் பெருகும் அளவையும் ஆராய்ந்த கட்டுரையொன்று 2013 ஆம் ஆண்டில் வெளிவந்தது. விக்டோரியா நீர்த்தேக்கத்திலும் கலாவெவயிலும் இம்மீன் காணப்பட்டுள்ளது.

கண்டிப் பக்கத்து நீர்த்தேக்கத்து மீனுக்கும் மன்னார் வயலுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். நீரின் வழியைத் தொடர்ந்து சென்றால் தொடர்பு விளங்கும். 1976 ஆம் ஆண்டு தொடங்கிப் பொல்கொல்லவில் மகாவலி நீரின் ஒரு பகுதி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்குத் திருப்பப்படுகிறது. அங்கிருந்து சுது கங்கை வழியாகப் போவத்தென்னையை அடைந்து, ஒரு பகுதி கலாவெவக்குச் செல்கிறது. கலாவெவயிலிருந்து பண்டைய யோத எல என்னும் ஜயகங்கை, ஏறக்குறைய 87 கிலோமீற்றர் வளைந்தோடி அநுராதபுரத்துத் திசாவெவயிற் சேர்கிறது. அநுராதபுரத்துக் குளங்களின் கழிவுநீரும் வயல் வடிநீரும் மல்வத்து ஓயாவில் விழுகின்றன. மல்வத்து ஓயா மன்னார் மாவட்டத்திற் புகுந்ததும் அருவி ஆறு எனப் பெயர் பெறுகிறது. அதன் குறுக்கே உள்ள தேக்கம் அணையே ஒரு பக்கம் கட்டுக்கரைக்குளத்திற்கும் மறுபக்கம் அகத்திமுறிப்புக் குளத்திற்கும் நீரைத் திருப்புகிறது. கட்டுக்கரைக்குளத்து நீரோ நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குளங்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஆக, மலைநாட்டு நீர்த்தேக்கத்தில் விடப்பட்ட ஒரு மீனின் குஞ்சுகளுக்கு முருங்கன், நானாட்டான், அடம்பன் வயல்கள்வரை தொடர்ச்சியான நீர்வழி உண்டு. இவ்வழியிற் காவலிடம் ஒன்று உளதெனில் அது தேக்கம் அணைதான். அவ்வணையின் கீழ் வீச்சுவலை வீசுவோர் இம்மீனை அறிந்திருத்தல் மிகவும் வேண்டப்படுவது.

நீர்வழி மட்டுமன்று, லொறியும் ஒரு வழி. குளங்களில் விடுவதற்கு மீன்குஞ்சு ஏற்றிவரும் தொட்டிகளில் வேறினக் குஞ்சுகள் கலந்திருக்கக் கூடும். குஞ்சு பெறும் கமக்கார அமைப்பினர் அவற்றை அப்படியே குளத்திற் கொட்டாது, வெண்ணிற வாளியில் அள்ளிப் பார்த்த பின்னரே விடுதல் நன்று. ஓட்டுக்கெளுத்திக் குஞ்சு வாளியின் சுவரில் வாயால் ஒட்டிக்கொண்டு நிற்கும். வேறெக்குஞ்சும் அவ்வாறு நில்லாது.

விளையும் கேடு

முதலில் இம்மீனைப் பற்றிய வீண்பேச்சை விலக்கிவிடல் வேண்டும். இது மனிதரைக் கடிப்பதுமில்லை. பிற மீன்களைத் துரத்தி விழுங்குவதுமில்லை. பாசியையும் சேற்றிலுள்ள மக்கல்களையும் சுரண்டித் தின்பதே இதன் பிழைப்பு. நெற்பயிரையும் இது கடிப்பதில்லை. இதன் கேடு வேறுவகையானது.

இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீன் கரையிலே வளை தோண்டுகிறது. நீர்மட்டத்திற்குக் கீழே, ஒரு சாணுக்கு உட்பட்ட அகலமுள்ள வாயினதாய், உட்புறம் சிறிது கீழ்நோக்கிச் சரிந்து, ஒரு மீற்றர் அளவும் அதற்கு மேலும் வளை நீளும். பெண்மீன் அதனுள்ளே சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேலும் முட்டையிடும்; ஆண்மீன் வாயிலிற் காவல் நிற்கும். ஒரு மீன் ஒரு வளையோடு நில்லாமல், நல்ல களிமண் கண்டவிடத்துப் பல மீன்கள் அடுத்தடுத்து வளை தோண்டுவதே பெருங்கேடாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புளோரிடா மாநிலத்து வாய்க்காற் கரைகள் இவ்வாறு தேன்கூடு போலத் துளைக்கப்பட்டுச் சரிந்துள்ளன. பிலிப்பைன் நாட்டில் ‘ஜனிற்றர் மீன்’ என வழங்கும் இதே மீன், மரிக்கினா ஆற்றிலும் லகுனா ஏரியிலும் பெருகி மீனவருக்குத் தீராத தொல்லையாயிற்று.

நம் குளக்கட்டுகளுக்கு இவ்வளைகள் எத்தகைய இடரைத் தரும் என்பதை மண்ணை நோக்கி அறியலாம். மணற்கரையில் வளை நிலைக்காது. தோண்டத் தோண்டச் சரிந்து மூடும். களி மிகுந்த கரையையே இம்மீன் நாடும். முருங்கன் பகுதியின் கரிய களிமண் இதற்கு மிகப் பொருந்தியது. அம்மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு: மாரியில் ஊதும், வேனிலில் ஆழமாக வெடிக்கும். வெளிச்சரிவில் விழுந்த வெடிப்பும் உட்சரிவில் மீன் தோண்டிய வளையும் ஒன்றையொன்று சந்திக்குமாயின், அடுத்த மாரியிற் குளம் நிறையும்போது நீர் அவ்வழியே கசிந்து, மண்ணை அரித்து, கசிவு வாய்க்காலாகி, வாய்க்கால் உடைப்பாகும். சிறு குளங்களின் கட்டுகள் அகலம் குறைந்தவை. ஒரு மீற்றர் வளை பெருங்குளத்தின் கட்டிற்கு ஒரு கீறல். சிறு குளத்தின் கட்டிற்கோ அது பாதி வழி.

இரண்டாவது கேடு வலைக்கு. முதுகுச் செட்டையிலும் மார்புச் செட்டைகளிலும் உள்ள தடித்த முட்களை இம்மீன் விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். வலையில் ஒரு மீன் சுருண்டால் அதை விடுவிக்க வலையையே அறுக்க நேரிடும். மெக்சிக்கோ நாட்டின் இன்பியெர்னில்லோ நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் அந்நாட்டின் முதன்மையான நன்னீர்த் திலாப்பியா மீன்பிடியாக விளங்கியது. அங்கு ஓட்டுக்கெளுத்தி பெருகிய பின், வலையில் விற்பனைக்குரிய மீனைவிட விலையற்ற இம்மீனே மிகுந்து, வலைகள் கிழிந்து, பலர் தொழிலை இழந்தனர். 1952 ஆம் ஆண்டில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, வன்னியில் யப்பான் மீன் எனப் பெயர் பெற்று, இன்று குளத்தோரத்துக் குடும்பங்களின் கறிக்கும் கைச்செலவுக்கும் உதவுகிறது. வயலில் வேலையில்லாத மாதங்களில் குளத்து மீனே வருமானமாகும் வீடுகள் உள. அவ்வீடுகளுக்கு இவ்விழப்பு வயல் இழப்பிற் குறைந்ததன்று.

பறவைகளுக்கும் இது தீங்கு. போட்டோ ரிக்கோத் தீவிற் கூழைக்கடாக்கள் இம்மீனை விழுங்கித் தொண்டையிற் சிக்கி மூச்சடைத்து இறந்தமை பதிவாகியுள்ளது. கட்டுக்கரைக்குளம் 1954 ஆம் ஆண்டிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதென்பதையும், அங்கு ஆண்டுதோறும் நீர்ப்பறவைகள் திரள்வதையும் இங்கு நினைத்தல் தகும்.

பிடிப்பதற்குரிய காலம்

சோளகக் காற்று வீசிக் குளம் வற்றும் ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களே ஏற்ற காலம். நீர் மிகுந்திருக்கும் மாரியில் இம்மீனைத் தேடுவது வைக்கோற் போரில் ஊசி தேடுவதாகும். நீர் இறங்க இறங்க வளைவாய்கள் வெளிப்படும்; மீன்கள் மடுக்களில் ஒதுங்கும்; கமக்காரருக்கும் அக்காலத்தில் வயல்வேலை குறைவு. காலபோக விதைப்பிற்கு முன் கட்டுகளைத் துப்புரவாக்கப் பொதுச் சிரமதானம் வைக்கும் ஊர்களில், அதே நாட்களிற் கட்டின் உட்சரிவையும் ஒருமுறை நடந்து பார்த்தால் தனிச்செலவு ஏதுமில்லை.

வளையைக் கண்டதும் அது மீன்வளைதானா என அறிதல் வேண்டும். எலிவளை நீர்மட்டத்திற்கு மேலே, உலர்ந்த மண்ணில் இருக்கும்; வாயிலிற் புதுமண் குவிந்திருக்கும். வயல்நண்டின் வளை சிறியது. வாயைச் சுற்றி மண்ணுருண்டைகள் கிடக்கும். மீன்வளை மாரிக்கால நீர்மட்டத்திற்குக் கீழே, பெரும்பாலும் கூட்டங்கூட்டமாக, ஒரே மட்டத்தில் அமைந்திருக்கும். வாயில் வழுவழுப்பாகத் தேய்ந்து, அகலம் மிகுந்தும் உயரம் குறைந்தும் காணப்படும்.

பிடிக்கும் முறைகள்

தூண்டிலை நம்புவது பயன் தராது. இம்மீன் இரையைப் பாய்ந்து கௌவுவதில்லை, உறிஞ்சிச் சுரண்டுவது. பிசைந்த மாவிற்கும் பாண் துண்டிற்கும் சில வேளை அகப்படுமாயினும், ஒரு குளத்தைத் தூண்டிலாற் காத்தல் இயலாது. 2025 ஆம் ஆண்டிற் குருநாகல் மாவட்டத்துத் தெதுரு ஓயா நீர்த்தேக்கத்திற் பெருகிய அயல்நாட்டுப் பெருவிராலைக் குறைக்கத் தூண்டிற் போட்டி நடத்தப்பட்டது. அது இரைதேடிப் பாயும் மீனாதலின் அம்முயற்சி அதற்குப் பொருந்தும். ஓட்டுக்கெளுத்திக்கு வலையும் கையுமே கருவிகள்.

மிகுந்த பயன் தருவது துருசின் கீழுள்ள கிடங்கை இறைத்தலாகும். துருசை மூடியபின் வாய்க்காலில் ஓட்டம் நின்று, மீன்கள் அக்கிடங்கிற் குழுமும். கிடங்கிற்குக் கீழே வாய்க்காலின் குறுக்காகத் தடிகளை நெருக்கமாக நட்டு ஓலையோ பழைய வலையோ கட்டிப் பட்டி அமைத்து, நீரைப் பம்பியால் இறைத்துவிட்டால், எஞ்சிய சேற்று நீரில் அத்தாங்காலும் கரப்பாலும் மீன்களை அள்ளலாம். விரால், கெளிறு, சுங்கான், யப்பான் முதலிய நம் மீன்களைத் தனி வாளியிலிட்டுக் குளத்திற் சேர்த்துவிடல் வேண்டும். ஓட்டுக்கெளுத்தி எத்துணைச் சிறிதாயினும் திரும்பவும் நீரில் விடலாகாது. இம்முறையிற் பெருமீனும் குஞ்சும் ஒருங்கே அகப்படும். வலையில் தப்பும் குஞ்சுகள் இங்கே தப்புவதில்லை.

இரவில் இம்மீன் ஆழம் விட்டுக் கரையோரம் வந்து மேயும். முன்னிரவில் ஓசையின்றி நடந்து, முழங்கால் ஆழத்திற்கு உட்பட்ட இடத்தில் வீச்சுவலை வீசலாம். ஆயின் கட்டின் உட்சரிவிற் பதித்த அலைகற்களின் மேல் வீசிப் பயனில்லை. மீன் கல்லை வாயாற் பற்றிக்கொண்டு இடுக்கில் ஒதுங்கும். வலை கல்லிற் சிக்கிக் கிழியும். அலைகரைப் பக்கத்துச் சமமான சேற்றுநிலமே வீச்சுவலைக்கு ஏற்றது. கல்லிடுக்கில் உள்ளவற்றை இருவர் சேர்ந்து, ஒருவர் கோலால் அசைக்க மற்றவர் அத்தாங்கை ஏந்திப் பிடித்தல் நன்று. தெக்சாசு மாநிலத்துத் தெளிந்த சான் மார்க்கோசு ஆற்றில் முக்குளிப்போர் ஈட்டியாற் குத்தி இம்மீனை அகற்றுகின்றனர். கலங்கல் மிகுந்த நம் குளங்களில் அம்முறை ஒவ்வாது.

வளையிலுள்ள மீனைப் பிடிக்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வளைக்குள் எதுவென்று அறியாமற் கைவிடலாகாது. கைவிடப்பட்ட வளையிற் பாம்பு குடியிருத்தல் உண்டு. முதலிற் கரப்பையோ அத்தாங்கையோ வாயிலிற் பொருத்தி வைத்துக்கொண்டு, நீண்ட மெல்லிய கோலைச் செலுத்தி அசைத்தல் வேண்டும். மீன் உள்ளதாயின் கோலிற் சொரசொரவென உரசுவது கைக்குத் தெரியும். காவல்மீன் எளிதில் வெளிவராது. பொறுமையோடு மேற்புறத்து மண்ணைச் சிறிது சிறிதாக வெட்டித் திறக்க நேரும். காவல்மீனை எடுத்ததோடு நில்லாது முட்டைத் திரளையும் வழித்தெடுத்து வெயிலில் உலர்த்திவிடல் வேண்டும். ஒரு வளையின் முட்டையை அழித்தல் பல நாள் வலைவீச்சிற்கு ஒப்பாகும்.

செவுள்வலை விரிப்போர் சட்டத்திற்கு உட்பட்ட கண் அளவையே பயன்படுத்தல் வேண்டும். தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. அது இம்மீனிடம் ஓரிரவும் தாங்காது. நஞ்சும் வெடியும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீர்வாழ் வளங்கள் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். அது ஒருபுறமிருக்க, நஞ்சிட்டால் முதலிற் சாவன நம் மீன்களே. ஓட்டுக்கெளுத்தி நீரில் உயிர்வளி குறைந்தபோது மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பையாற் சுவாசிக்க வல்லது. கெட்ட நீரிற் கடைசிவரை பிழைத்திருப்பது அதுவே. ஆகையால் குளத்தைக் கெடுத்து அதனைக் கொல்ல முயல்வது களைக்கு அஞ்சிப் பயிரைக் கொளுத்துவது போன்றது.

கையாளல்

வலையிற் சிக்கிய மீனை வாற்பக்கமாக இழுப்பது பலரும் செய்யும் பிழை. உடலின் தகடுகள் ஓட்டுக்கூரையின் ஓடுகள் போலப் பின்னோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தவை. பின்னோக்கி இழுத்தால் ஒவ்வொரு தகடும் வலைக்கண்ணிற் கொளுவும். நனைந்த சாக்கினால் மீனைச் சுற்றி, மார்பு முட்களை உடலோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து, தலை முன்னாக வலைக்கண்ணின் வழியே தள்ளினால் எளிதிற் கழலும். முட்கள் பூட்டி நின்றால் குறட்டினால் அடியில் வெட்டிவிடலாம். முள் தைத்த காயத்தைச் சுத்தமான நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, ஆழமாயின் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். சேற்றுக்காயம் சிறிதெனக் கருதி வயலில் இறங்குவது நல்லதன்று.

பிடித்த மீனைக் கட்டின் மேல் எறிந்துவிட்டு வீடு செல்வதும் பிழையே. நீர் இன்றி வேறு மீன் சிறிது நேரத்தில் இறக்கும். ஓட்டுக்கெளுத்தியோ ஈரம் இருந்தால் ஒரு நாளைக் கடந்தும் உயிரோடிருக்கும். செட்டைகளை ஊன்றி நெளிந்து நீரை மீண்டும் அடையவும் வல்லது. இறந்ததாகக் கருதி இரவில் விட்டுச்சென்ற மீன் காலையிற் குளத்தில் இருக்கும். ஆதலாற் பிடித்த அப்போதே தலையின் மேற்புறத்திற் கனத்த கட்டையால் ஓங்கி அடித்துக் கொன்றுவிடல் வேண்டும். அதுவே மீனுக்கும் துன்பம் குறைந்த முடிவு. உயிருள்ள மீனை வேடிக்கை காட்ட ஊருக்குள் எடுத்துச் செல்லலாகாது. குறிப்பாகச் சிறுவர் கையிற் கொடுத்தல் கூடாது.

வளையை மூடுவதும் ஒரு வேலையே. வாயிலில் மட்டும் மண்ணைத் திணித்துவிட்டால் உள்ளே பொந்து அப்படியே இருக்கும். அது வளையை மறைத்தலேயன்றி அடைத்தலன்று. வளையின் முடிவுவரை வெட்டித் திறந்து, அரையடிக்கு ஒரு படையாக ஈரக் களிமண் இட்டு, ஒவ்வொரு படையையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி வருதல் வேண்டும். துருசுக்கும் வானுக்கும் அண்மையிலுள்ள வளைகளைக் கமக்காரர் தாமே வெட்டாது, பெருங்குளமாயின் நீர்ப்பாசனத் திணைக்களத்திற்கும் சிறு குளமாயின் கமநல சேவை நிலையத்திற்கும் அறிவித்து, அவர்கள் முன்னிலையிற் செய்தல் நன்று.

தாராபுரத்துக் கிணறுகள்

மன்னார்த் தீவில் ஆறு இல்லை. முழுக் கடல்நீரில் ஓட்டுக்கெளுத்தி வாழாது. ஆதலாற் பெருநிலத்திலிருந்து அது நீந்தித் தீவை அடையப் போவதில்லை. தாராபுரத்திலோ அயலூர்களிலோ ஒரு மடுவில் அல்லது கிணற்றில் இம்மீன் காணப்படுமாயின், அதனை ஒருவர் கையால் கொண்டுவந்து விட்டார் என்பதே பொருள். இது அச்சத்திற்குரியதேயாயினும் ஒருவகையில் நற்செய்தியுமாகும். பெருநிலத்தில் மீனைக் குறைக்கலாமேயன்றி ஒழித்தல் அரிது. தீவில் அதனை வரவிடாமலே தடுக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா நோய் அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில், அனோபிலிசு ஸ்டெபென்சி என்னும் அயல்நாட்டு மலேரியா நுளம்பு இந்நாட்டில் முதன்முறையாக மன்னார்த் தீவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அந்நுளம்பு வீட்டுக்கிணறுகளில் முட்டையிடுவது. ஆதலாற் கிணறுகளிற் குடம்பிகளைத் தின்னும் கப்பி முதலிய சிறு மீன்கள் சுகாதாரப் பகுதியினராற் விடப்பட்டன. கிணற்றில் மீன் விடுதல் நன்று என்னும் எண்ணம் இவ்வாறு பரவியபின், எந்த மீனையும் விடலாம் என்று சிலர் கருதக்கூடும். ‘டாங்க் கிளீனர்’ என்னும் பெயரே அவ்வெண்ணத்திற்கு இடந்தரும். கிணற்றுச் சுவரின் பாசியைத் தின்று நீரைத் துப்புரவாக்கும் என்று தோன்றும். உண்மையில் அது நுளம்புக் குடம்பியைத் தேடித் தின்பதில்லை. தின்ற பாசியின் பெரும்பகுதியைக் கழிவாக நீரிலேயே விடும். ஒன்றரை அடி மீனொன்று நாள்தோறும் கழிக்கும் கழிவு குடிநீரிற் சேர்வதை எவரும் விரும்பார். மேலும், மாரியில் தாழ்நிலத்துக் கிணறும் பூவலும் வெள்ளத்தில் மூழ்கினால், கிணற்று மீன் அயலிலுள்ள மடுக்களுக்குச் சென்றுவிடும்.

வீட்டுத்தொட்டியில் இம்மீன் வளர்ப்போர் அதனை வைத்திருக்க இயலாதாயின், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வளர்க்க விரும்பும் வேறொருவரிடம் கொடுக்கலாம். அவையும் இயலாவிடிற் கொன்று புதைத்துவிடலே தக்கது. தொட்டி நீரையும் வாய்க்காலிற் கொட்டாது, தென்னைமரத்தடியில் மணலில் ஊற்றல் வேண்டும். கிணற்றில் ஏற்கனவே விட்டிருப்பின், வேனிலில் நீர் குறைந்தபோது கிணற்றை இறைத்து அள்ளிவிடுவது ஒரு நாள் வேலையே. கப்பி மீன்களை முன்னரே வேறு வாளியில் எடுத்து வைத்துப் பின்னர்க் கிணற்றில் விட்டுவிடலாம்.

பிடித்த மீனைப் பயன்படுத்தல்

அமேசன் நாட்டார் இம்மீனைச் சுட்டும் சாறு வைத்தும் உண்கின்றனர். ஓடு நீக்கினால் எஞ்சும் தசை குறைவு. நகரக் கழிவு கலக்கும் நீரிலிருந்து பிடித்ததாயின் உண்ணாமை நன்று. தோட்டக்காரருக்கு இது எருவாகப் பயன்படும். உடலெங்கும் எலும்புத் தகடாதலாற் பொசுபரசும் சுண்ணாம்பும் இதில் மிகுதி. மெக்சிக்கோவில் ஓர் ஆற்றை ஆராய்ந்தோர், ஆற்றிலுள்ள பொசுபரசின் பெரும்பங்கை இம்மீன்கள் தம் எலும்பில் அடக்கிக்கொண்டமையைக் கண்டனர். ஆற்றிற்கு இழப்பாகிய அச்சத்து, மண்ணிற்குத் திரும்புமாயின் ஆதாயமே.

மீனைத் துண்டுதுண்டாக வெட்டி, அதே நிறையுள்ள பனங்கட்டியைத் தூளாக்கிக் கலந்து, வாய் குறுகிய பிளாத்திக்குப் பாத்திரத்திலிட்டு, துணியால் வேடு கட்டி நிழலில் வைத்தல் வேண்டும். நாயும் பூனையும் அணுகாதவாறு காத்தல் அவசியம். மூன்று நான்கு கிழமைகளிற் பழவாடை வீசும் தேன்போன்ற சாறு பிரியும். ஓட்டுத் தகடுகள் கரையா. சாற்றை வடித்தெடுத்தபின் அவற்றை உலர்த்தி இடித்து எருக்குழியிற் சேர்க்கலாம். ஒரு லீற்றர் நீருக்கு 5 முதல் 10 மில்லிலீற்றர் சாறு கலந்து, மாலையில் வெயில் தணிந்தபின் கத்தரி, மிளகாய், வெண்டிப் பயிர்களின் இலைகளில் தெளிக்கலாம். மிகுதியாகக் கலந்தால் இலை கருகும். முதல் முறை இரண்டொரு செடியில் தெளித்து மூன்று நாள் பார்த்தபின் பாத்தி முழுதும் தெளித்தல் நன்று.

சாறு செய்ய நேரமில்லாதோர் மீனைத் தென்னையடியிற் புதைக்கலாம். தீவின் மணலில் அழுகல் நீர் விரைந்து இறங்கும், கிணறுகளோ ஆழமற்றவை. ஆகவே குழி கிணற்றுக்கு இயன்ற அளவு தொலைவில், இரண்டடிக்குக் குறையாத ஆழத்தில் இருத்தல் வேண்டும். குழியின் அடியில் தழையும் சாணமும் பரப்பி அதன்மேல் மீனை வைத்து மண் மூடி மிதித்துவிட்டால் நாய் தோண்டாது.

முதன்முதலாக இம்மீனைப் பிடிக்கும் கமக்காரர் ஒன்றையேனும் முழுமையாக வைத்திருந்து, குளிர்ப்பெட்டியிலோ உப்பிலோ இட்டு, பிடித்த குளத்தின் பெயர், நாள், மீனின் நீளம், வளைகள் கண்டிருப்பின் அவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, விவசாயப் போதனாசிரியரிடம் அல்லது தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்ட அலுவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே குளத்தில் அதே மாதத்தில் எண்ணி எழுதி வந்தாற்றான் மீன் குறைகிறதா பெருகுகிறதா என்பது தெரியும்.